காத்திருப்பவர்களுக்கும் சம்பளம் கொடுங்கள்: பர்டியூ விளையாட்டுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

ஜூலை 2025

பர்டியூ பல்கலைக்கழக விளையாட்டுத் துறையின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

இந்த மாதம் முதல் தேதியிலிருந்து உங்கள் கைக்கு ஒரு புது அதிகாரம் வந்திருக்கிறது. கல்லூரி விளையாட்டு வீரர்கள் தங்களுக்கும் பங்கு வேண்டும் என்று போட்ட ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு நீதிபதி கிளாடியா வில்கன் ஜூன் 6 அன்று ஒப்புதல் கொடுத்துவிட்டார். இனி ஒரு பல்கலைக்கழகம் தன் விளையாட்டு வீரர்களுக்கு வருடத்துக்கு 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை நேரடியாகவே பங்கு கொடுக்கலாம். அதில் ஆண்கள் கூடைப்பந்துக்கு எவ்வளவு, அந்தப் பதினைந்து பேரில் யாருக்கு எவ்வளவு என்று நீங்கள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் நேரம் இது. அந்தக் கணக்கைப் பற்றி ஒரு ரசிகன் சொல்ல நினைப்பதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் உங்கள் பழைய மாணவன். பொறியியல் முதுகலை படிக்க வெஸ்ட் லஃபயெட்டுக்கு வந்தேன். கிரிக்கெட்டைத் தவிர வேறு எதையும் முழுசாகப் பார்த்ததில்லை. ரூம்மேட் இழுத்துக்கொண்டு போனதால் மேக்கி கூடைப்பந்து அரங்கத்துக்குள் போனேன், அத்தோடு சரி, அந்தப் பைத்தியம் இன்னும் தெளியவில்லை. ஆங்கிலத்தில் உங்களுக்கு எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் தமிழில் எழுதுகிறேன். உங்கள் வகுப்பறைகளில் இருக்கிற தமிழ்ப் பிள்ளைகளில் யாராவது ஒருவர் படித்துச் சொல்லட்டும்.

சொல்ல வந்தது ஒன்றுதான். புது ஆளை இழுக்கப் பணத்தைக் கொட்டுவதற்கு முன்னால், உங்கள் பெஞ்சில் உட்கார்ந்து தன் முறைக்காகக் காத்திருக்கிற பையனுக்குக் கொடுங்கள். பயிற்சியாளர் மேட் பெயின்டரின் மொத்த வித்தையும் காத்திருப்பில்தான் நிற்கிறது. முன்பெல்லாம் அந்தக் காத்திருப்பு இலவசமாகக் கிடைத்தது. இப்போது கிடைப்பதில்லை.

இந்த விளையாட்டைப் பார்த்துப் பழகாத தமிழ் நண்பர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். (உங்களுக்கு இது தெரிந்ததே, தாண்டிப் போய்விடலாம்.) கல்லூரிக் கூடைப்பந்தில் ஒரு மாணவர் நான்கு சீசன் ஆடலாம். ஒரு வருடம் ஆட்டத்தில் இறங்காமல் பயிற்சி மட்டும் எடுத்தால் அந்த வருடம் கணக்கில் சேராது, அதற்கு ரெட்ஷர்ட் என்று பெயர். முன்பு ஒருவர் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறினால், போன இடத்தில் ஒரு வருடம் சும்மா உட்கார வேண்டும். 2021-இல் ஒரு முறை மட்டும் உட்காராமல் மாறலாம் என்றார்கள். 2023 டிசம்பரில் நீதிமன்றம் குறுக்கிட்ட பிறகு எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்று ஆகிவிட்டது. மாற விரும்புகிறவர் தன் பெயரை டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் போட்டுவிடுவார், மற்ற பயிற்சியாளர்கள் போன் அடிக்கத் தொடங்குவார்கள். 2021 ஜூலையிலிருந்து வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கவும் அனுமதி. இந்த இரண்டு கதவும் ஒரே வருடத்தில் திறந்தன. அதன் பிறகு ஒவ்வொரு ஏப்ரலும் சந்தைதான்.

இப்போது மார்ச் 28 இரவுக்கு வருகிறேன். இண்டியானாபொலிஸ், லூகாஸ் ஆயில் ஸ்டேடியம், மார்ச் மாதத் தேசியப் போட்டியில் பதினாறு அணிகள் மிஞ்சுகிற ஸ்வீட் 16 சுற்று. வெஸ்ட் லஃபயெட்டிலிருந்து காரில் ஒரு மணி நேரம் சொச்சம்தான், பாதி ஊர் அங்கே வந்திருந்தது. ஒரே தளத்தில் அடுத்தடுத்து இரண்டு ஆட்டம். ஒன்றில் கென்டக்கி டென்னஸியோடு மோதியது. மற்றொன்றில் நாம், ஹூஸ்டனோடு.

அந்தக் கென்டக்கி அணியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஒரு வருடம் முன்பு ஜான் கலிப்பாரி ஆர்கன்ஸாவுக்குப் போனதும் மார்க் போப் வந்தார். வந்தபோது உதவித்தொகையில் ஆடிய பழைய வீரர் ஒருவர்கூட மிச்சமில்லை. ஒரு கோடைக்குள் போர்ட்டலிலிருந்து சான் டியேகோ ஸ்டேட், டேட்டன், ஓக்லஹோமா, ட்ரெக்ஸல், வேக் ஃபாரஸ்ட் என்று ஊர் ஊராக ஆள் பிடித்து ஒரு முழு அணியைக் கட்டினார். நாமோ அந்தக் கோடையில் போர்ட்டலிலிருந்து ஒருவரைக்கூட எடுக்கவில்லை. ஒரு அணி முழுக்க முழுக்க வந்தவர்கள், இன்னொரு அணி முழுக்க முழுக்க வளர்ந்தவர்கள். இரண்டும் அன்று இரவே வீடு திரும்பின. அதனால் யார் செய்தது சரி என்று அந்த இரவை வைத்து நானும் வாதாட முடியாது, நீங்களும் முடியாது.

ஆனால் நம் ஆட்டத்தின் கடைசி அரை நிமிடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பின்தங்கியே ஓடிக்கொண்டிருந்தோம். கேம்டன் ஹைடி என்ற பையன் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நின்று எறிந்தான், 60-60. அரங்கமே எழுந்து நின்றது. ஹூஸ்டன் எறிந்து தவறவிட்டது, பந்து வெளியே போனது, அவர்களுக்கே திரும்பக் கிடைத்தது, கடிகாரத்தில் இரண்டு நொடி சொச்சம். கூடைக்குப் பக்கத்திலேயே எல்லைக்கோட்டில் நின்ற மிலோஸ் உசான் பந்தை ஜோசஃப் டக்லரிடம் கொடுத்துவிட்டு உள்ளே நுழைந்தார். எல்லோருடைய கண்ணும் டக்லர் மேல் இருக்க, அவர் பந்தை உசானுக்கே திருப்பிவிட்டார். கூடைக்குக் கீழிருந்து ஒரு லேஅப். 62-60. பந்தை உள்ளே போடுகிறவனை யாரும் காக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று பள்ளிக்கூடத்துப் பயிற்சியாளர்கூடச் சொல்வார். அது நம் தவறு. அதை விடுங்கள்.

நான் பேச வந்தது ஹைடியைப் பற்றி. 2022-இல் வந்தவன், முதல் வருடம் ரெட்ஷர்ட். இரண்டாம் வருடம் பெஞ்சிலிருந்து இறங்கி வந்தவன். 2024 ஏப்ரலில் யூகான் அணிக்கு எதிரான இறுதிப் போட்டியில், வளையத்தில் பட்டுத் தெறித்த பந்தை எங்கிருந்தோ பறந்து வந்து ஒரே கையால் கூடைக்குள் அறைந்தானே, அவன்தான். மூன்றாம் வருடம் அணியை ஹூஸ்டனோடு சமன் செய்தவன். நான்காம் வருடம்? டெக்ஸஸ் அணியின் சட்டை. அதே கோடையில் மைல்ஸ் கால்வினும் வேக் ஃபாரஸ்டுக்குப் போய்விட்டான். இரண்டு பேருமே உயரமும் பாய்ச்சலும் உள்ள பையன்கள். நம் அணியில் எப்போதும் பற்றாக்குறை என்று நாம் புலம்புகிற வகை.

போனவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. இருபது வயதில் இன்னும் நல்ல இடம் கிடைத்தால் நானும் போயிருப்பேன். மூன்று வருடம் சோறு போட்டு, பயிற்சி கொடுத்து, தோளை அகலமாக்கி, கடைசியில் பலன் தரும் வருடத்தில் இன்னொருவருக்குத் தாரை வார்த்தோமே என்பதுதான் வருத்தம்.

பெயின்டரின் வழி எப்படி வந்தது என்பது உங்களில் பழையவர்களுக்குத் தெரியும். ஜீன் கீடியிடம் ஆடியவர், கீடிக்குப் பிறகு 2005-இல் பொறுப்பேற்றவர். முதல் சீசன் 9 வெற்றி, 19 தோல்வி. அப்புறம் ராபி ஹம்மல், எட்வான் மூர், ஜஜுவான் ஜான்சன் மூவரும் ஒன்றாக வந்தார்கள், ஒன்றாக வளர்ந்தார்கள். 2010 பிப்ரவரியில் ஹம்மலின் முழங்கால் போகாமல் இருந்திருந்தால் என்று இன்றைக்கும் பெருமூச்சு விடுகிற பெருசுகள் நம் ஊரில் உண்டு. பிறகு ஒரு சரிவு. 2012-13-இல் 16-18, அடுத்த வருடம் 15-17, நம் லீக்கான பிக் டென்னில் கடைசி இடம். அந்த அணியில் திறமை இல்லாமல் இல்லை, ஒருவரோடு ஒருவர் ஒட்டவில்லை. பெயின்டரை அனுப்பிவிடுங்கள் என்று அப்போது எழுதியவர்களில் சிலர் இப்போதும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

நீங்கள் அனுப்பவில்லை. அதற்கு நன்றி சொல்ல இது நல்ல இடம். அவரும் பாடம் படித்தார். பெயருக்காகவும் நட்சத்திரத்துக்காகவும் ஆள் சேர்ப்பதை விட்டுவிட்டு, தன் ஆட்டத்துக்குப் பொருந்துகிற ஆளைத் தேடினார். 2014-இல் கொலராடோ ஸ்டேட்டில் பட்டம் முடித்த ஜான் ஆக்டியஸ் ஒரு வருடத்துக்கு வந்தார், பந்தை ஒழுங்காகக் கொண்டுபோக ஓர் ஆள் கிடைத்ததும் அணி மறுபடி மார்ச் போட்டிக்குள் போனது. அவரைப் பற்றி இப்போது யாரும் பேசுவதில்லை. நான் கீழே சொல்லப்போவதற்கு முன்னோடி அவர்தான்.

அந்தக் காலத்தில் தொடங்கிய உயரக்காரர்களின் வரிசை உலகமே அறிந்தது. ஏ. ஜே. ஹேமண்ட்ஸ், காலேப் ஸ்வானிகன், ஐசக் ஹாஸ், மேட் ஹார்ம்ஸ், ட்ரெவியான் வில்லியம்ஸ். அப்புறம் ஜாக் ஈடி.

ஈடியின் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் புதுக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கமே அவர்தான். டொராண்டோ பையன். ஐஸ் ஹாக்கி, பேஸ்பால் என்று ஆடித் திரிந்தவர், பள்ளியின் பாதியில்தான் கூடைப்பந்தைக் கையில் எடுத்தார். 7 அடி 4 அங்குலம் வளர்ந்தும் ஆள் தேடுகிறவர்களின் பட்டியலில் நானூறுக்கும் கீழே கிடந்தார். 2020-இல் வந்தார். முதல் வருடம் சராசரி 8.7 புள்ளி. இரண்டாம் வருடம் வில்லியம்ஸோடு ஒரே இடத்தைப் பங்கு போட்டுக்கொண்டு 14.4. மூன்றாம் வருடம் 22.3, நாட்டின் சிறந்த வீரர். நான்காம் வருடம் 25.2, மறுபடி நாட்டின் சிறந்த வீரர். அடுத்தடுத்து இரண்டு முறை அந்தப் பட்டம் வாங்கியவர் ரால்ஃப் சாம்ப்சனுக்குப் பிறகு இவர்தான், இடையில் நாற்பது வருடம்.

டெட்ராய்ட்டில் டென்னஸிக்கு எதிராக அவர் 40 புள்ளியும் 16 ரீபவுண்டும் எடுத்த ஆட்டத்தைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். உயரத்தைப் பார்க்காதீர்கள், காலைப் பாருங்கள். பந்து வருவதற்கு முன்பே இடம் பிடித்து, இடுப்பால் ஆளை அணைத்து நிறுத்தி, ஒரே ஒரு அடி வைத்துத் திரும்புகிறார். முதல் வருடத்தில் அந்த இடம் பிடிப்பதற்குள் பந்தைப் பறிகொடுப்பார், மூச்சு வாங்கும், ஃபவுல் விழும். நடுவில் நடந்தது உதவிப் பயிற்சியாளர் பிராண்டன் பிரான்ட்லியோடு யாரும் பார்க்காத நேரத்தில் நடந்த பயிற்சி, வருடக்கணக்கில். இதைப் போர்ட்டலில் வாங்க முடியாது. வாங்கினாலும் இன்னொருவர் செய்த வேலையைத்தான் வாங்குகிறீர்கள்.

இதில் ஒரு சங்கடமான விஷயம் இருக்கிறது, யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஈடி கனடாக்காரர், மாணவர் விசாவில் இருந்தவர். கல்லூரி விளையாட்டின் மிகப் பெரிய முகமாக இருந்த இரண்டு வருடமும், மற்றவர்கள் விளம்பரத்தில் சம்பாதித்த பணத்தை அவர் அமெரிக்க மண்ணில் சம்பாதிக்க முடியவில்லை. எஃப்-1 விசா என்றால் என்ன என்று எங்கள் பிள்ளைகளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். வளாகத்துக்குள் மட்டும் வேலை, வாரம் 20 மணி நேரம், அதற்கு மேல் ஒரு நிமிடம் என்றாலும் வயிற்றைக் கலக்கும். ஏர்ஹார்ட் டைனிங் கோர்ட்டில் தட்டு அடுக்கிய எனக்கும், அரங்கத்தை நிரப்பிய ஈடிக்கும் சட்டம் ஒன்றுதான். அவர் பர்டியூவை விரும்பித்தான் இருந்தார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவரை இன்னொரு பல்கலைக்கழகம் விலைக்குக் கேட்டிருந்தால் அங்கேயும் இதே விசாதான், இதே தடைதான். நம் காலத்தின் மிகப் பெரிய வீரரைத் தக்கவைக்க நாம் ஏலத்தில் நிற்கவே தேவைப்படவில்லை. அடுத்த ஈடி இண்டியானாவிலோ ஒஹாயோவிலோ பிறந்தவராக இருந்தால் அந்த அதிர்ஷ்டம் இருக்காது.

சரி, இவ்வளவு வளர்த்தும் மார்ச் மாதத்தில் ஏன் சறுக்கினோம்? 2021-இல் 13-ஆம் சீட் (போட்டிக்கு முன் தருகிற தரவரிசை எண்) நார்த் டெக்ஸஸிடம். 2022-இல் 15-ஆம் சீட் செயின்ட் பீட்டர்ஸிடம். 2023-இல் 16-ஆம் சீட் ஃபேர்லி டிக்கின்சனிடம், 63-58. அவர்கள் கல்லூரி விளையாட்டின் மேல்தட்டான டிவிஷன் 1-இலேயே மிகக் குள்ளமான அணி. தங்கள் லீக்கின் போட்டியில்கூட அவர்கள் சாம்பியன் இல்லை. ஜெயித்த மெரிமேக்குக்குத் தகுதி இல்லாததால் உள்ளே வந்தவர்கள். முதல் சீட் அணியை 16-ஆம் சீட் வீழ்த்தியது ஆண்கள் போட்டியின் வரலாற்றில் அது இரண்டாவது முறைதான். மறுநாள் அலுவலகத்துக்குப் போகப் பிடிக்கவில்லை. கூடைப்பந்தே தெரியாத மேனேஜர்கூட அன்றைக்கு அதைத்தான் கேட்டார்.

அந்த ஆட்டத்தில் நாம் எறிந்த 26 மூன்று புள்ளியில் 5 விழுந்தது. 16 முறை பந்தைப் பறிகொடுத்தோம். பந்தைக் கொண்டுபோனது பிரேடன் ஸ்மித்தும் ஃப்ளெட்சர் லோயரும், இருவரும் ஃப்ரெஷ்மேன், அதாவது முதல் வருடப் பையன்கள். குள்ளமான, வேகமான, முழுத் தளத்திலும் மேலே வந்து விழுகிற கார்டுகளை (வெளியே நின்று பந்தைக் கொண்டுபோகிற வீரர்களை)ப் பார்த்ததும் கை நடுங்கியது. மூன்று வருடத் தோல்விக்கும் பொதுவான ஒரு காரணம் சொல்லச் சொன்னால் அதைத்தான் சொல்வேன்.

அந்தக் கோடையில் ரசிகர்கள் கேட்டது தலைகீழ் மாற்றம். பெயின்டர் செய்தது ஒரே ஒரு ஆளை எடுத்தது. லான்ஸ் ஜோன்ஸ், சதர்ன் இல்லினாய் அணியில் நான்கு வருடம் ஆடியவர். பெரிய பெயர் இல்லை. ஆனால் பந்தைக் கொண்டுபோவார், எதிரணியின் வேகமான கார்டைக் காப்பார், பயப்படாமல் எறிவார். ஸ்மித்தின் தோளிலிருந்து பாதி பாரம் இறங்கியது. அந்த சீசன் 34 வெற்றி, 5 தோல்வி, 1980-க்குப் பிறகு முதல் ஃபைனல் ஃபோர் என்கிற அரையிறுதி, அதையும் தாண்டி இறுதிப் போட்டி. யூகானிடம் 75-60. அன்று ஈடி மட்டும் 37, மொத்த அணியும் சேர்ந்து மூன்று புள்ளி ஒன்றே ஒன்று. யூகான் நம்மைவிட நல்ல அணி, அவ்வளவுதான்.

வளர்த்தவர்கள் நான்கு பேர், ஓட்டையை அடைக்க வந்தவர் ஒருவர். எனக்குத் தெரிந்து இதுதான் பெயின்டருக்குப் பொருந்துகிற கணக்கு. ஆக்டியஸ் காலத்திலேயே தெரிந்த கணக்கு. அப்படியிருக்க 2024 கோடையில் ஏன் ஒருவரையும் எடுக்கவில்லை? ஈடி போன இடத்தில் ஒரு முழு மலை காணாமல் போயிருந்தது. அந்த இடத்துக்கு நம்பியிருந்த டேனியல் ஜேக்கப்சன், ஃப்ரெஷ்மேன், இரண்டாவது ஆட்டம் தொடங்கிய சற்று நேரத்திலேயே காலை உடைத்துக்கொண்டார். அது விதி, யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் பதினெட்டு வயதுப் பையன் ஒருவனின் காலை மட்டும் நம்பி அந்த இடத்தை விட்டுவைத்தது திட்டமிடலின் குறைதான். வருடம் முழுக்க ட்ரே காஃப்மன்-ரென் தன்னைவிட உயரமானவர்களோடு மல்லுக்கட்டினார். பாவம், அவர் சளைக்கவில்லை. முந்தைய வருடம் 6.4 புள்ளி எடுத்தவர் 20.1-க்குப் போனார். அவரும் ரெட்ஷர்ட்டில் ஒரு வருடம் உட்கார்ந்தவர்தான், ஈடியின் நிழலில் இன்னும் இரண்டு வருடம். உடனே போயிருந்தால் எத்தனையோ இடங்களில் முதல் நாளே ஆடியிருப்பார்.

என் நண்பர் ஒருவர், பர்டியூவில் எனக்கு ஜூனியர், இதையெல்லாம் கேட்டுவிட்டு ஒரே வரியில் அடித்தார்: "அண்ணா, ஃப்ளோரிடா ஜெயிச்சுதே, அதுக்கு என்ன சொல்றீங்க?"

நியாயமான கேள்வி. இந்த ஏப்ரலில் சாம்பியன் ஃப்ளோரிடா. அவர்களின் மூன்று முக்கிய கார்டுகளும் வெளியிலிருந்து வந்தவர்கள்: வால்டர் கிளேட்டன் அயோனாவிலிருந்து, அலைஜா மார்ட்டின் ஃப்ளோரிடா அட்லாண்டிக்கிலிருந்து, வில் ரிச்சர்ட் பெல்மான்ட்டிலிருந்து. வளர்த்தால்தான் கோப்பை என்று சட்டம் எதுவும் இல்லை. ஆனால் கிளேட்டன் ஃப்ளோரிடாவில் ஆடியது இரண்டு சீசன், ரிச்சர்ட் மூன்று. வந்தவர்களையும் அவர்கள் தக்கவைத்தார்கள். நண்பரிடம் இதைச் சொன்னதும், "அப்போ நாமளும் மூணு பேரை எடுத்து வச்சுக்கலாமே" என்றார். விடமாட்டார் அவர்.

எடுக்கலாம். ப்ளூமிங்டன்காரர்கள், அதாவது நம் பரம எதிரி இண்டியானா பல்கலைக்கழகத்தார், இந்த வசந்தத்தில் டேரியன் டிவ்ரீஸைப் பயிற்சியாளராக அழைத்து வந்து கிட்டத்தட்ட முழு அணியையும் புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள். புதுப் பயிற்சியாளர் வந்த இடத்தில் வேறு வழியும் இல்லை. இருபது வருடமாக ஒரே பயிற்சியாளர் இருக்கிற இடத்தில் அதைச் செய்தால், இருக்கிற ஒரே பலத்தையும் தூக்கி எறிந்ததாக ஆகும். ஒவ்வொரு வருடமும் கல்யாணத்துக்கு எடுக்கிற வாடகைப் பாத்திரம் போல வீரர்களை எடுத்துத் திருப்பிவிட்டால், நவம்பரில் ஆட்டம் கற்றுக்கொடுத்து முடிப்பதற்குள் பிப்ரவரி வந்துவிடும். பெயின்டரின் தாக்குதல் ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் யார் எப்போது திரை போடுவது, யார் எப்போது வழுக்கி உள்ளே போவது என்பது ஒருவரை ஒருவர் பார்க்காமலே நடக்க வேண்டும். ஸ்மித் பந்தை விடும்போது காஃப்மன்-ரென் இன்னும் திரும்பியே இருக்க மாட்டார். பந்து போய்ச் சேரும்போது கை அங்கே இருக்கும். மூன்று வருடம் ஒன்றாக ஆடிய பழக்கம் அது.

இனிப் பணத்துக்கு வருகிறேன். பல பல்கலைக்கழகங்கள் இந்தப் பங்கில் முக்கால்வாசியை (அமெரிக்க) ஃபுட்பாலுக்கும், 15 சதவீதத்தை ஆண்கள் கூடைப்பந்துக்கும் ஒதுக்கப்போவதாகப் பேச்சு. நம் ஃபுட்பால் அணி போன வருடம் 1-11. புதுப் பயிற்சியாளர் பாரி ஓடம் வந்து தூக்கி நிறுத்தப் பார்க்கிறார், நிறுத்தட்டும், நானும் ராஸ்-ஏட் ஸ்டேடியத்தின் குளிரில் உட்கார்ந்து கைதட்டியவன்தான். ஃபுட்பாலில்தான் டிவி பணம் வருகிறது என்பதும் புரிகிறது. இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு ஊரோடு ஒத்துப் போகாதீர்கள். இந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரை ஜான் வுடன் (John Wooden) இங்கே ஆடிய காலத்திலிருந்து சுமப்பது கூடைப்பந்து. ஒரு சதவீதம், இரண்டு சதவீதம் கூட்டிக் கொடுத்தால் ஃபுட்பாலில் அது மூன்றாம் வரிசை ஆளின் சம்பளம். கூடைப்பந்தில் அதே தொகை ஒரு ஹைடியை இங்கேயே நிறுத்தும்.

அதையும் எப்படிக் கொடுப்பது என்பதுதான் என் மன்றாட்டு. சந்தை விலை தொடக்க ஐவருக்கும் போர்ட்டல்காரருக்கும் தானாகவே உயர்ந்துவிடும், அவர்களுக்காக வாதாட ஆள் இருக்கிறது. ஆறாவது, ஏழாவது, எட்டாவது ஆளுக்காக யார் பேசுவது? இங்கே தங்குகிற ஒவ்வொரு வருடத்துக்கும் பங்கு கூடுகிற மாதிரி ஓர் ஏற்பாடு செய்யுங்கள். ரெட்ஷர்ட் எடுக்கிற பையனுக்கு அந்த வருடம் தண்டனை வருடமாகத் தெரியக் கூடாது. முதல் வருடத்தில் வாங்கியதைவிட மூன்றாம் வருடத்தில் கணிசமாகக் கூட வரும் என்று வீட்டில் அவன் அம்மாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

பணம் மட்டும் போதாது என்பதையும் பெயின்டரிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும். நாங்கள் சொன்னால் கேட்க மாட்டார். டிசம்பரில் சின்ன அணிகளோடு 25 புள்ளி முன்னால் நிற்கும்போதும் ஸ்மித் ஏன் தளத்தில் இருக்கிறார்? அந்தக் கடைசி எட்டு நிமிடத்தைப் பெஞ்சுக்குக் கொடுத்தால் யாருக்கு நஷ்டம்? தவறு செய்த ஃப்ரெஷ்மேனை உடனே உட்கார வைப்பது பழைய கீடி பள்ளிக்கூடம். அந்தப் பையனுக்கு அன்று போக வேறு இடமில்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். இன்று அவன் மொபைலில் இருபது பேரின் எண் இருக்கிறது. ஆட்டத்தில் நிமிடம் கிடைத்தவன் ஏப்ரலில் கொஞ்சம் யோசிப்பான்.

வெளிநாட்டு வீரர்கள் விஷயத்தையும் மறந்துவிடாதீர்கள். சவுத் டகோட்டா ஸ்டேட்டிலிருந்து வருகிற ஆஸ்கர் கிளஃப் ஆஸ்திரேலியர், ஒமர் மேயர் இஸ்ரேல்காரர். கிளஃபை எடுத்தது அருமையான காரியம், ஓட்டை இருந்த இடத்திலேயே அடைத்திருக்கிறீர்கள். ஆனால் மாணவர் விசாவில் இருப்பவருக்கு நேரடிப் பங்கு கொடுத்தால் அது வேலையா, வேலை இல்லையா என்பது இன்னும் தெளியாத கேள்வி. தவறிப்போனால் அபராதம் கட்டுவது நீங்கள், விசாவை இழப்பது அந்தப் பையன். நல்ல குடிவரவு வழக்கறிஞரிடம் எழுத்தில் கருத்து வாங்காமல் ஒரு டாலர்கூட அசைய வேண்டாம். வளாகத்தில் ஆயிரக்கணக்கான சர்வதேச மாணவர்களின் தாள்களைப் பார்க்கிற அலுவலகம் உங்களிடமே இருக்கிறது, முதலில் அவர்களை அழைத்து உட்கார வையுங்கள்.

வருகிற சீசனைப் பற்றி எனக்குக் கவலையில்லை. ஸ்மித், லோயர், காஃப்மன்-ரென் மூவரும் திரும்பி வருகிறார்கள், அதுவும் காஃப்மன்-ரென் என்பிஏ தேர்வுக்குப் பெயர் கொடுத்துவிட்டுத் திரும்ப எடுத்துக்கொண்டு வருகிறார். ஜேக்கப்சன் காலும் ஆறிவிட்டது. இந்த அணி எவ்வளவு தூரம் போகும் என்று நினைக்கும்போதே ஏப்ரலில் விடுப்புக்கு இப்போதே சொல்லி வைக்கலாமா என்று தோன்றுகிறது.

கவலை அதற்கு அடுத்த வருடத்தைப் பற்றி. அந்த மூவரும் ஒன்றாக முடிக்கிறார்கள். அன்று பந்தைக் கையில் வாங்கவேண்டியவர்கள் இப்போது இரண்டாம் வருடத்துக்குள் போகிற சி. ஜே. காக்ஸ், கிகாரி ஹாரிஸ், ஜாக் பென்டர், அப்புறம் ஜேக்கப்சன். இந்த வருடம் அவர்களுக்கு நிமிடம் குறைவாகத்தான் கிடைக்கும், மேலே மூன்று சீனியர்கள் இருக்கிறார்கள். ஹைடி எங்கே நின்றாரோ அதே இடத்தில் இப்போது இவர்கள் நிற்கிறார்கள். இந்த வருடம் போர்ட்டல் திறந்தது மார்ச் 24, நாம் ஹூஸ்டனோடு ஆடுவதற்கு நான்கு நாள் முன்பு. அதற்குப் பிறகு அவர்களை உட்கார வைத்துப் பேசி என்ன பயன்? சீசனுக்கான பயிற்சி தொடங்குவதற்கு முன்பே அந்த நான்கு குடும்பங்களையும் மேக்கிக்கு அழையுங்கள். 2026-இல் எவ்வளவு, 2027-இல் எவ்வளவு, எந்த இடத்தில் ஆட வாய்ப்பு என்று பெயின்டரும் நீங்களும் சேர்ந்து தாளில் எழுதிக் கொடுங்கள். போர்ட்டலுக்கு ஒரு ஆளின் இடத்தை மட்டும் காலியாக வையுங்கள், அது எந்த இடம் என்பதையும் அந்த நால்வரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
பழைய மாணவன் ஒருவன்